ரேகை

உள்ளங்கையைத்தான் படம் எடுத்தேன்.
நடுவில் தன்ஷிகாவின் முதல் பல்,
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது,
வேரில் ஒரு பொட்டு ரத்தம்.

முகம் இல்லை. வளையல் இல்லை.
சுவர்கூட விழாமல் பார்த்துத்தான் எடுத்தேன்.
பதினான்கு மாதமாக நான் எங்கும் இல்லாதவள்.
பள்ளத்தூரில் பூட்டிய வீடொன்றின் பின்கட்டில்
மணகோலத்துக்கு மாவு பிழிந்து
கிலோ கணக்கில் கட்டித் தருகிறவள்.

தங்கை எழுதினாள்:
மங்கலா இருக்குக்கா, டாக்குமெண்டா அனுப்பு.
அனுப்பினேன்.
படமாகப் போனால்
வழியிலேயே சிலதைக் கழற்றிவிடுமாம்.
டாக்குமெண்டாகப் போனால்
உடுத்தியது உடுத்தியபடி போய்ச் சேருமாம்.
எனக்கெப்படித் தெரியும்?

அட்சரேகை பத்து, புள்ளிக்கு அப்புறம் ஆறு எண்.
தீர்க்கரேகை எழுபத்தெட்டு, புள்ளிக்கு அப்புறம் ஆறு எண்.
கடலைவிட எண்பத்தேழு மீட்டர் உயரம்.
மாலை நான்கு பதினேழு, நாற்பத்திரண்டு நொடி.
இன்ன கம்பெனி, இன்ன மாடல்.
ஃபிளாஷ் எரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கையை
ஒருவர் திருப்பிப் பார்த்து
ஆயுசு கெட்டி என்றார், இருபது ரூபாய்க்கு.
இந்த இரண்டு ரேகையை
அவர் பார்த்திருக்க முடியாது.

தங்கையைக் குறை சொல்ல மாட்டேன்.
குழம்பு பொங்குகிறதென்று போனை மேசையில் வைத்தாள்.
எம்புள்ள பல்ல நான் பாக்கக் கூடாதா
என்று அழுதானாம்.
அழத் தெரியும் அவனுக்கு.
அழுதபடியே
தன் நம்பருக்கு அனுப்பிக்கொள்ளவும் தெரியும்.

வெள்ளிக்கிழமை.
திருப்பூரில் ஏறி, மாறி, காரைக்குடியில் இறங்கி,
நீலப்புள்ளி நகர நகரக் கூடவே நகர்ந்து
வாசலில் வந்து நின்றான்.

புள்ளி பொய் சொல்லவில்லை.
அதற்கு இந்த ஊர் வீடு தெரியாது, அவ்வளவுதான்.
ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிற வீடு.
முகப்புக்கும் என் அடுப்புக்கும் நடுவில்
வளவு, இரண்டாங்கட்டு, கிணறு,
பூட்டு, பூட்டு, பூட்டு.
அவன் கதவை உடைக்கிற மாதிரி தட்டியிருக்கிறான்.
எனக்கு எண்ணெய் காய்கிற சத்தம்தான் கேட்டது.

கோலாலம்பூரிலிருந்து தேனம்மை ஆச்சி போன் செய்தார்.
முகப்பில் மாட்டிய கேமராவில்
யாரோ ஒருத்தன், கட்டம் போட்ட சட்டை,
உனக்குத் தெரிஞ்சவனா?
அந்தக் கேமரா மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்.
கடலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து
வாசலைக் காவல் காக்கிறார்களே என்று.
அன்றைக்கு அதைக் கும்பிட்டிருப்பேன்,
கையில் மாவு.

அடுப்பை அணைத்தேன்.
பின்தெரு வழியாகக் குழந்தையோடு ஆட்டோ.

காரைக்குடி மகளிர் ஸ்டேஷனில்
ஏட்டு ஜெயராணி என் போனை வாங்கி
படத்தை விரலால் மேலே தள்ளினார்.
உள்ளங்கை மேலே ஏறியது.
அதன் அடியில் ஒரு சின்ன வரைபடம்,
அதில் ஒரு சிவப்பு ஊசி.
தெரியாதா உனக்கு, என்றார்,
பிறகு சத்தமில்லாமல்
தன் மகளின் படம் ஒன்றையும் மேலே தள்ளிப் பார்த்தார்.

இப்போது வேறு ஊர்.
லொக்கேஷனை அணைத்துவிட்டேன்.
கேஸை மூடினோமா என்று பார்ப்பதுபோல
ராத்திரி இரண்டு தரம் எழுந்து பார்க்கிறேன்.

இரண்டாவது பல் விழுந்தது.
என்ன கிழமை, மழையா வெயிலா,
சொல்வதாக இல்லை.
சித்திக்கு, என்று தன்ஷிகா
பென்சிலால் பல்லை வரைந்து தந்தாள்,
பலாக்கொட்டை அளவுக்கு.
தபாலில் போடலாம் என்று கவரும் வாங்கிவிட்டேன்.
அப்புறம்தான் முத்திரை நினைவு வந்தது.
ஊர்ப்பெயரோடு குத்துவார்கள்.

அரிசி டப்பாவில் இருக்கிறது படம்.
தேதி போடவில்லை.