பத்தாண்டுத் தவணை

சிகிச்சை இப்போது வேண்டாம் என்றார் டாக்டர் வீதோலா.
கவனித்துக்கொண்டே காத்திருப்போம்.
யார் கவனிப்பது, யார் காத்திருப்பது என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.
கோட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு
படியிறங்கி வந்துவிட்டேன்.

கேள்விகள் பிறகுதான் வந்தன.
லியெபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்.
இருபத்திரண்டு வருடமாய் அதை ஓட்டுகிறேன்.
நிறுத்தத்துக்கு ஒரு கேள்வி ஏறியது,
டிக்கெட் இல்லாமல்.
ஒன்றும் இறங்கவில்லை.

சந்தையில்: புகையில் வாட்டிய மீன் சாப்பிடலாமா?
பள்ளிக்கூடத்தருகே: மூக்கொழுகும் பிள்ளைகள்
என் முகத்துக்கு நேரே தும்மிவிட்டு
நன்றி என்று வேறு சொல்கிறார்களே, என்ன செய்ய?
கால்வாய்ப் பாலத்தில்
காற்று வண்டியைத் தோளால் இடிக்கும்போது:
இது என் மகளுக்கும் வருமா?

கையேடு ஒன்று தந்திருந்தார்கள்.
முப்பத்தாறு பக்கம், அட்டையில் சூரியகாந்தி.
எலும்பு மஜ்ஜையின் படம் இருந்தது,
மாதுளையைப் பிளந்து வைத்தாற்போல் அழகாக.
காளான் பொறுக்கக் காட்டுக்குப் போகலாமா என்று இல்லை.
பல் பிடுங்கலாமா என்று இல்லை.
டிப்போவில் குனார்ஸிடம் சொல்லலாமா,
சொன்னால் என்னை ஏதாவது நாற்காலியில்
ரப்பர் முத்திரை குத்த உட்கார்த்திவிடுவானா என்று
மருந்துக்குக்கூட ஒரு வரி இல்லை.

இரவில் தேடினேன்.
எங்கள் மொழியில் இந்த நோய்க்கும்
ஆற்று நண்டுக்கும் ஒரே பெயர்.
நோயைத் தட்டினால்
சதகுப்பைத் தழை போட்டு வேகவைக்கும் பக்குவம் வந்தது.
சிரித்தேன்.
அடுத்த பக்கத்தில் ஐந்தாண்டு பிழைப்போர் விழுக்காடு.
பக்கத்தை மூடினேன்.
எண்ணை மூட முடியவில்லை.

காத்திருக்கும் அறையில் வோல்திஸுக்கு மைலோமா.
என்னிடம் எதுவும் சொல்லாதீர்கள் என்று
குறுக்கெழுத்தில் தலையைக் கவிழ்த்திருக்கிறார்.
மனைவி ஸ்கைத்ரீதெ
கட்டம் போட்ட நோட்டில்
அவருடைய ஒவ்வொரு எண்ணையும் ஏற்றி வைத்திருக்கிறாள்.
இரண்டு பேருக்கும் சேர்த்து நானே தெரிந்துகொள்கிறேன் என்றாள்,
ரொட்டியைப் பிய்த்து
ஒரு பாதியை என் கையில் வைத்தபடி.

டாக்டரிடம் எனக்குப் பத்து நிமிடம்.
டிக்கெட் சுருளின் பின்புறத்தில் எழுதியிருந்தேன்.
மேசைமேல் வைத்ததும்
அது உருண்டு பிரிந்து தரையைத் தொட்டது.
அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
மீன், நன்றாக வெந்திருந்தால் சரி.
மகளுக்கு வாய்ப்பு குறைவு.
காட்டுக்குத் தாராளமாகப் போங்கள், உண்ணி கடிக்காமல்.
தும்மலுக்குத் தடுப்பூசி அட்டவணை ஒன்று.
பல்லுக்கு முன் என்னைக் கூப்பிடுங்கள்.
குனார்ஸ்? அது உங்கள் செய்தி, அவருடையது அல்ல.

எத்தனை வருடம் என்று
நான் எழுதவே இல்லை.
கடைசி வரியில் இருந்தது இதுதான்:
வீட்டு பாய்லர் செத்துவிட்டது.
வங்கியில் கேட்கிறார்கள்,
தவணை ஐந்து வருடமா, பத்தா?

பேனா மூடியைக் கழற்றினார். போட்டார்.
நவம்பர், பிப்ரவரி, மே என்று
என் ரத்தத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தார்.
வெளியே யாரோ தள்ளுவண்டி உருட்டிப் போனார்கள்,
ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.
பத்து, என்றார்.
பிறகு, ஆனால் நான் வங்கிக்காரி இல்லை.

அது வாக்கு இல்லை, தெரியும்.
மருத்துவமா இரக்கமா என்று கேட்கவில்லை.
சுருளைத் திரும்பச் சுற்ற எனக்கு வெகுநேரம் பிடித்தது.
அதுவரை அவர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

இப்போது லோன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
கடுமையான நோய் ஏதேனும் உண்டா?
இதை நான் சுருளில் எழுத மறந்திருக்கிறேன்.
கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன்,
பேசினால் வாயிலிருந்து ஆவி வருகிறது.
பத்து என்ற இடத்தில் மட்டும் டிக் போட்டாயிற்று.
காலை ஐந்து நாற்பதுக்கு முதல் டிராம்.