முப்பது விநாடி

எல்லாவற்றையும் தள்ளிவிட்டார் ஷுக்ரு,
பாக்கிச் சில்லறையை நீயே வைத்துக்கொள் என்பதுபோல.
இப்போது கமலா ஆரஞ்சு உரிக்கிறார்.

எனக்கு இரண்டு பத்து.
மிச்சம் பதின்மூன்று பேர்; பணம் பன்னிரண்டு பேருக்கு.
கையிருப்பு முப்பத்தோராயிரத்தையும் வைக்கலாம்,
மேசை நடுவே எழுபத்தெட்டாயிரம் கிடக்கிறது.
பத்துக்கு மூன்று தடவை ஜெயித்தால் போதும் என்கிறது கணக்கு.
பத்து தடவைக்கு எங்கே போவேன்,
விடிந்தால் கடை திறக்க வேண்டும்.

மருந்துக்கடையில் பத்தொன்பது வருடம்,
பத்தூமி டாக்டர்கள் அத்தனை பேர் கிறுக்கலையும் படித்தவள்.
இந்த ஹோப்பா லாரிக்காரரின் விரல்களைப் படிக்க முடியவில்லை.
பொய்யென்றால் தோல் நடுவில் அறுந்திருக்குமே?
ஒரே சுருளாக வருகிறது.
ஒன்பது மணிக்கும் அப்படித்தான் வந்தது.
அப்போது அவரிடம் இருந்தது ஏழும் இரண்டும்.

"நேரம்" என்றான் நுக்ஸார்,
நாலே நாலு சில்லுக்குப் பின்னால் சிலுவை போட்டபடி.
நான் விழுந்தால் அவனுக்குக் காசு.
லம்சிரா எண்ணத் தொடங்கினாள்.
பதினெட்டு என்கையில் அவரிடம் ஜோடி ராஜா தெரிந்தது.
ஆறு என்கையில் ஒன்றுமே தெரியவில்லை.
மூன்றில், என் கை
என்னைக் கேட்காமல்
சீட்டுகளைக் கவிழ்த்தபடியே முன்னால் தள்ளியது.

அவருடையவையும் கவிழ்ந்தே போய்க் குவியலில் கலந்தன.
நுக்ஸார் ஏதோ முணுமுணுத்தான்.
ஷுக்ரு பழத்தை இரண்டாகப் பிட்டு
ஒரு பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

தின்றேன்.
புளிப்பா இனிப்பா என்று
இன்னும் சொல்லத் தெரியவில்லை.