இரண்டு வயது முன்பின்

ஃபிரோசாபாத் மாவட்ட மருத்துவமனையில்
எலும்புகளைப் படமெடுப்பது என் வேலை.
யாருடைய எலும்பு என்று கேட்பதில்லை.
கேட்டால் சம்பளம் கூடுவதுமில்லை.

அன்று இரண்டு பையன்கள். ஒரே முகம்.
குல்ஃபாம், குல்ரேஸ்.
ஏழு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள் என்று
வாசலில் நின்ற அம்மா சொன்னாள்,
போலீஸ்காரர் அவளைத் தள்ளிப் போகச் சொல்வதற்குள்.

வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் கல் விழுந்ததாம்.
கேமராவில் ஒரு கை தெரிகிறதாம்.
கைக்கு ஒரு வெள்ளைச் சட்டை,
சட்டைக்கு மேலே ஒரு தொப்பி,
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
சாம்பல் நிறக் கட்டங்கள்.
கட்டங்களுக்கு இவர்கள் பொருந்தினார்கள்.
அந்தத் தெருவில் யாரும் பொருந்துவார்கள்.

கல் விழுந்த நேரத்தில்
மண்ணெண்ணெய்ச் சுடர் முன்னால் குந்தி
வளையலுக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்தோம் என்றார்கள்.
ஒரு கட்டுக்கு முந்நூற்றுச் சொச்சம்.
எண்ணி வாங்கிய முதலாளி
எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் நினைவில்லை என்று
எழுதிக் கொடுத்துவிட்டார்.

பள்ளிச் சான்றிதழ் கிடையாது.
ஆதார் எடுக்கப் போனபோது
எந்திரம் விரலை ஏற்கவில்லை.
ஏழு வயதிலிருந்து சுடரில் காட்டிய விரல்.
ரேகை எந்த வளையலோடு ஒட்டிக்கொண்டு
எந்தக் கல்யாணத்துக்குப் போனதோ.
சரி, எலும்பைக் கேட்போம் என்றது சட்டம்.

விலங்கைக் கழற்றினார்கள்.
குல்ஃபாம் தன் மணிக்கட்டை ஒரு பார்வை பார்த்து
"இரண்டேகால் சைஸ் போதும்" என்றான்.
தம்பி சிரித்துவிட்டான்.
குற்றவாளிகளுக்கு வருத்தமில்லை என்று
போலீஸ்காரர் குறித்துக்கொண்டார்.

இடது கையைத் தட்டில் வை. அசையாதே.
"இதில் விரலும் தெரியுமா?"
தெரியும்.
"ரேகை?"
எலும்புக்கு ரேகை இல்லை தம்பி.

வளரும் எலும்பின் முனையில் ஒரு கீற்று இருக்கும்,
கறுப்பாக, நூல் கனத்தில்.
அது மூடிவிட்டால் ஆள் பெரியவன்.
குல்ரேஸுக்கு இருந்தது.
குல்ஃபாமுக்கும் இருந்தது,
வெளிச்சப் பெட்டியில் வைத்துத் தேடினால்.

டாக்டர் சக்சேனா தேடவில்லை.
ஒருவனுக்குப் பதினேழு என்றும்
ஒருவனுக்குப் பத்தொன்பது என்றும் எழுதினார்.
இரண்டு வயது முன்பின் இருக்கலாம் என்று
தாளின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்.
முன்னா பின்னா என்று யாரும் கேட்கவில்லை.
டீ ஆறுவதற்குள்
ஏழு நிமிடம் மூத்தவன் இரண்டு வருடம் மூத்தவனானான்.
தம்பி சிறுவர் இல்லத்துக்கு, அண்ணன் ஜெயிலுக்கு.
பெற்றவளுக்கு மட்டும் கணக்கு உதைத்தது.

ஒரே நாளில் பிறந்தவர்கள் சார்.
நான்கே சொல். பிற்பாடு எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
அந்த வாரம் என் இடமாற்ற மனு
அவர் மேஜையில் கிடந்தது.
கிடந்ததால்தான் என்று சொல்லவில்லை.
கிடந்தது.

நான்கு வருடம் கழித்து
சாட்சியம் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள்.
பிடித்த அன்று முதல் பக்கத்தில் வந்த செய்தி
விட்ட அன்று
டயர் விளம்பரத்துக்குக் கீழே ஐந்து வரி.

நேற்று வந்தான்.
இருமலாம். மார்புப் படம் எடுக்கச் சீட்டு.
எந்த அண்ணன், எந்தத் தம்பி என்ற சந்தேகமில்லை;
இப்போது முகம் ஒன்றில்லை.
சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
வழக்கம்போல் வாய் கேட்டுவிட்டது:
வயது?

"உங்களிடம் எழுதியிருக்குமே," என்றான்.
கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே
ஃபைலைத் தேடுவேன் என்று காத்திருந்தான்.

பலகையில் நெஞ்சை ஒட்டி நில்.
தோளை முன்னால் தள்ளு.
மூச்சை இழு. பிடி.

பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
விடலாம் என்று
நான்தான் சொல்ல வேண்டும்.