பூச்சியத்துக்கு ஓர் அடிக்குறிப்பு

உலகத்தைச் சதுரம் சதுரமாய் வெட்டியிருக்கிறார்கள்.
எனக்கு விழுந்தது இது:
கனகராயன் ஆறு, ஏ-ஒன்பது வீதி, ஒரு துண்டுக் கடல்.
ஆண்டுக்கு ஆண்டு
எவ்வளவு கந்தக ஈரொட்சைட்டு மனிதர் கையால் மேலே போனது
என்று நிரப்ப வேண்டும்.

பழைய காலம் சுகம்.
யாழ்ப்பாண ரயில் தின்ற நிலக்கரிக்கு
அந்தர் கணக்கில் பதிவு இருக்கிறது.
தொண்ணூறுக்குப் பிறகு வெறும் கட்டங்கள்.
எரிபொருளுக்குத் தடை;
வராததற்கு யார் பற்றுச்சீட்டு எழுதுவார்?
செல்லுக்கு அட்டவணையில் நிரலே இல்லை. தேடிப் பார்த்தேன்.

கைநூல் சொல்கிறது:
தெரிந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையே
நேர்கோடு இழு.
இழுத்தேன்.
இருபது வருசத்தின் மேலால்
ஒரு மேடு பள்ளமில்லாமல் போனது கோடு.
அழித்துவிட்டு
காலையில் விசுவமடுவுக்கு பஸ் ஏறினேன்.

நவமணி அக்கா அப்போது போத்தலில் மண்ணெண்ணெய் விற்றவ.
காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்,
அவற்றோடு சொப்பிங் பைக்குள் சுற்றி
தொண்ணூற்றேழாம் ஆண்டின் கடன் கொப்பியையும்
இடம் இடமாய்த் தூக்கித் திரிந்திருக்கிறா.
“வாங்கினவை தருவினம் எண்டுதான்.”

அரைப் போத்தல். கால் போத்தல்.
ஜெசிந்தா ரீச்சர், விளக்குக்கு.
மில் துரைராசா, ஆறு, நாளைக்கு.
பெயரில்லாமல் ‘சிவப்பு மோட்டச்சைக்கிள்’,
பெற்றோல் நாலு சொட்டுக் காட்டிக் கிளப்பி
மண்ணெண்ணெயில் ஓடினவன்;
புகையிலேயே ஆளைத் தெரியுமாம்.

“இதுக்கு ஏதும் நட்டஈடு வருமோ?”
“இல்லையக்கா.”
“பேந்தேன் பிள்ளை எண்ணுறாய்?”

எண்ணினேன். ஆயிரத்து முந்நூறு போத்தல்,
எழுநூற்றெண்பது கிலோ.
ஆயிரத்தில் ஒரு பங்கு கந்தகம் என்று கொண்டால்
எழுநூற்றெண்பது கிராம்.
அதை இரண்டால் பெருக்க வேண்டும்:
எரியும்போது கந்தகம்
தன் நிறைக்குச் சரி நிறை காற்றையும்
கூட்டிக்கொண்டுதான் போகிறது.
ஒன்றரைக் கிலோ, கொஞ்சம் கூட.

அட்டவணையோ ஆயிரம் தொன்னில் பேசுகிறது.
இப்படி எத்தனை கடைகளைக் கூட்டினாலும்
தசமப் புள்ளிக்குப் பின்னால் நடந்து நடந்துதான்
எங்கள் இலக்கம் வரும்.
மட்டந்தட்டினால், பூச்சியம்.

வெறுங்கட்டத்தில் அந்தப் பூச்சியத்தைப் போட்டேன்.
கீழே சிறிய எழுத்தில்:
ஆதாரம், கடன் கொப்பி, விசுவமடு.
வழு, தெரியாது.
கடைசி இரண்டு தாள் நனைந்து ஒட்டியிருக்கிறது.
பிரிக்க அவ விடவில்லை.