ஐயரம்மா

மஞ்சக்குப்பம் கோயிலில் முழங்காலிட்ட அன்று
தலைமேல் எத்தனை கைகள் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஜெபிக்கவில்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் பேராயருடையது, வியர்வை ஈரத்தோடு.
அதன்மேல் அமிர்தாஞ்சன் மணக்கும் ஒரு கை.
இன்னொன்று கொண்டை ஊசியை
மண்டைக்குள் அழுத்தியது.
பின்வரிசைக் கைகள் தலையை எட்டாமல்
முன்னால் நின்றவர்களின் தோளைத் தொட்டன.
அதுவும் கணக்கில் சேர்த்தி என்றார்கள்.

பதினொன்று.
அங்கி போட்டு வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

சாலமோன் ஞானாபரணம் ஐயர்
கைகளைக் கட்டிக்கொண்டு
மின்விசிறியைப் பார்த்திருந்தாராம்.
நாற்பது நாள் குழந்தையாக நான் கிடந்தபோது
இதே தலையில் மூன்று முறை தண்ணீர் வார்த்தவர்.
அப்போது தடையில்லை.

பட்டம் என்கிறோம்.
வானத்தில் ஏறுவதும் பட்டம்தான்.
இது ஏறவில்லை,
கழுத்துப்பட்டைக்குள் வேர்க்குருவாக வந்தது.

முதுநகர் குருமனை வாசலில் வந்து கேட்பார்கள்:
"ஐயர் இருக்காரா?"
நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டரான என் கணவர்
மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுச் சொல்வார்:
"ஐயர் குளிக்கிறாங்க."

ஐயரின் மனைவிக்கு நம்மிடம் பெயர் உண்டு.
அந்தப் பெயரை எனக்குக் கொடுத்துவிட்டு
அவரை ஐயர் என்று கூப்பிட்டு
ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்கிறார்கள்.
டயரியைப் பார்த்து அவரும் சொல்லிவிடுகிறார்,
ஷிப்ட் இல்லாத ஞாயிறாக.

கார்த்திகை மழை. கெடிலம் பாலத்தைத் தொட்டு ஓடிய இரவு.
ஜங்ஷன் பக்கம் ரயில்வே குடியிருப்பிலிருந்து போன்.
திருவிருந்துப் பெட்டியை பாலித்தீன் பையில் சுற்றி
முழங்கால் தண்ணீரில் போய்ச் சேர்ந்தேன்.
யூனிக்கேயாள் கண்ணைத் திறந்து
என் முதுகுக்குப் பின்னால் தேடினாள்.
"ஐயர் வரலையா?"
"நான்தாம்மா."
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
மகனை வெளியே போகச் சொன்னாள்.
ரவிக்கையின் ஊக்கை அவளே கழற்றி
மார்பு இருந்த இடத்தில்,
கட்டுப் பிரிந்து நாறிய அந்தப் பள்ளத்தில்
என் கையை எடுத்து வைத்தாள்.
"நாலு வருஷம். எந்த ஐயர்கிட்டயும்
இங்க வலிக்குதுன்னு சொல்ல முடியல."

செமினரியில் இதற்கொரு ஜெபம் கற்றுத் தரவில்லை.
கற்றதெல்லாம் மறந்தும் போயிருந்தது.
அரிசி கழுவும்போது அடியில் தங்கும் கல்லைப்போல்
ஒரே ஒரு "ஆண்டவரே" கிடைத்தது.
அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.
விடியும்வரை கையை எடுக்கவிடவில்லை அவள்.
மரத்துப் போனது.

அடக்கத்துக்கு அவரும் வந்திருந்தார், சாலமோன் ஐயர்.
மழை விடவில்லை.
புத்தகம் நனைகிறதே என்று நான் குனிந்து மூடப்போனபோது
தலைக்குமேல் ஒரு கறுப்புக் குடை வந்து நின்றது.
கை படவில்லை.
காம்பு மட்டும் நடுங்கியது.
மண்ணுக்கு மண் என்று வாசித்தேன்.
ஒரு தோள் முழுக்க நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது,
அவருடையது.