நிகர எடை

ஐந்தே காலுக்குப் புளியரையில்
காற்று மட்டும்தான் வேலைக்கு வந்திருக்கும்.
ஷூ கயிற்றில் இரண்டாம் முடிச்சைப் போடும்போது
கைக்கடிகாரம் கேட்கும்: தயாரா ஜைத்தூன்?
எனக்குத் தெரிந்து என்னை அப்படிக் கேட்பது
அது ஒன்றுதான்.

எல்லைப் பலகை வரை நாலு கிலோமீட்டர்,
திரும்ப நாலு.
போகும்போது ஏற்றம், எஸ் வளைவு.
ராத்திரி கேரளத்துக்குக் கோழி கொண்டுபோன வண்டிகள்
வெறுங்கூண்டுகளோடு இறங்கி வரும்.
ஒரு இறகு பறந்துவந்து நெற்றியில் ஒட்டும்.
சாரலில் அது லேசில் உதிர்வதில்லை.

ஒன்பது மணிக்கு நான் எடைமேடைக்காரி.
லாரி ஏறும். தட்டு ஒருமுறை நடுங்கும்.
சிவப்பு எண்கள் தடுமாறி நிற்கும்.
மொத்தம். காலி வண்டி. நிகரம்.
ஜல்லியோ வைக்கோலோ முட்டையோ
மூன்று வரி, ஒரு கையெழுத்து.
அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம்.
அளவுக்குக் கீழே ஏற்றினால்
ஒரு நாயும் கேட்காது.

அதனால்தான் சித்திரை முழுக்க
யாரும் எனக்குச் சீட்டு எழுதவில்லை.
செயலியில் நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி
என்று போட்டு வைத்திருந்தேன்.
ஏன் ஆயிரத்து இருநூறு?
முழு எண். பார்க்க லட்சணமாக இருந்தது.
காலையில் சர்க்கரையில்லாக் கட்டன்சாயா,
ஒரே ஒரு இட்லி,
சட்னியில் தேங்காய் இருக்கிறதென்று ஓரம் ஒதுக்கி.

பசித்திருக்கத் தெரியாதவள் இல்லை நான்.
நோன்புப் பசிக்கு மஹ்ரிப் என்று ஒரு முடிவு உண்டு,
பேரீச்சம்பழம் உண்டு, பாங்கு உண்டு.
இந்தப் பசிக்கு யாரும் பாங்கு சொல்லவில்லை.

ஐந்தாவது வளைவில் ஒருநாள்
சாலை என்மேல் சாய்ந்தது.
தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன்.
கீழே வயல் பச்சையாக இருந்து, மஞ்சளாகி,
பிறகு வெறும் இரைச்சலாக ஆனது.
இரண்டு குரங்குகள் என் கையைப் பார்த்தன.
கையில் ஒன்றுமில்லை.
திட்டுவதுபோல் ஏதோ சொல்லிவிட்டுப் போயின.

மதியம், இரண்டு லாரிகளுக்கு நடுவே,
பழைய எடைச்சீட்டின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஐம்பத்தெட்டு கிலோ உடம்பு.
கிலோமீட்டருக்கு, கிலோவுக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி.
எட்டுக்கு நானூற்று அறுபத்துச் சொச்சம்.
ஓடாமல், நடக்காமல்,
பாயில் கிடந்து மூச்சு விட மட்டும்
ஆயிரத்து இருநூற்றைம்பது.
நின்ற இடத்தில் இன்ஜின் உறுமவே காணாத டீசலில்
மலை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.
எல்லாம் கூட்டினால் இரண்டாயிரம் தாண்டியது.

சீட்டை எட்டிப் பார்த்த புனலூர் ஓட்டுநர் பினு
"இது ஏது வண்டி சேச்சி?" என்றான்.
என் வண்டிதான் என்றேன்.
அவன் நம்பவில்லை. ஐம்பத்தெட்டு கிலோவில் என்ன வண்டி.

இப்போது கிளம்புமுன் பாதி நேந்திரம்பழம், புழுங்கியது.
திரும்பிவந்து சிரட்டைப் புட்டு, கடலைக்கறி,
இரண்டு அவித்த முட்டை.
தென்காசி உறவினர்கள் வந்தால் இட்லி நாலு,
சட்னியில் தேங்காயோடு.
செயலி "புட்டு, ஒரு கோப்பை" என்கிறது.
யார் வீட்டுக் கோப்பை என்று சொல்வதில்லை.

சந்தேகத்துக்கு நேற்று
புட்டுப் பொட்டலத்தை எடைமேடையில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
நானே ஏறி நின்றேன்: அறுபது.
தட்டின் நடுவிலேயே சம்மணமிட்டுப்
புட்டைத் தின்று முடித்தேன்: அறுபது.
எட்டு கிலோமீட்டர் ஓடிவந்த கால்கள்,
தின்றது, இன்னும் தின்னாதது, எல்லாம் சேர்த்து
அறுபது.

பின்னால் வைக்கோல் லாரி ஹாரன் அடித்தது.
இறங்கினேன்,
இரண்டாவது முட்டையை உரித்தபடி.