ஏழாவது கட்டம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
குலசேகரம் ஸ்டேஷனுக்குத் துப்பாக்கிகள் வரத் தொடங்கிவிடும்.
பன்றி விரட்ட வாங்கிய இரட்டைக்குழல்,
வங்கிக் காவலாளியின் தேய்ந்த நாட்டுக்கட்டை,
லைசென்ஸ் மட்டும் புதுக்கருக்கு மாறாமல்
உடம்பெல்லாம் துருவேறிய ஒன்று.
நான் ரைட்டர். சீட்டு எழுதி, நூல் கட்டி,
சாக்கில் சுற்றி உள்ளே வைப்பேன்.

கடைசி நாள், மழையோடு, ரசலையன் முதலாளி வந்தார்.
தோல்பெட்டியை மேசைமேல் வைத்தார்.
முதலில் குடையை மடக்கினார்.
பிறகுதான் திறந்தார்.

பச்சை வெல்வெட்டில் படுத்துக் கிடந்தது,
ஒரு சாண் நீளம்.
இரும்பு என்று சொல்ல வாய் வரவில்லை:
குழல் முழுக்கக் கொடி,
கொடியில் இலை, இலைக்குள் நரம்பு,
நரம்பு முடிகிற இடத்தில் ஒரு நாய் பாய்கிறது,
நாய்க்கு முன்னால் முயல்.
யாரோ வருஷக்கணக்கில் பிராசோ போட்டுத் தேய்த்ததில்
முயலுக்கு ஒரு காது போயிருந்தது.
துரத்தல் நிற்கவில்லை.

"சுட்டிருக்கீங்களா?"
"சே. இது சுடுததுக்கு உள்ளதா மேடம்?"

பதிவேட்டில் ஏழாவது கட்டம்: அடையாளக் குறிகள்.
அகலம் ஒன்றரை அங்குலம்.
அந்தக் கோட்டை இழுத்தவர்
ஒரு எண்ணுக்கு மேல் எதையும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.
நான் கொடியிலிருந்து தொடங்கினேன்.
பதினோரு இலை. பன்னிரண்டாவதைச்
செதுக்கியவன் பாதியில் விட்டிருக்கிறான்.
உளி வழுக்கியதோ, விளக்கு அணைந்ததோ,
சாப்பிடக் கூப்பிட்டார்களோ.
'ஓரிலை குறை' என்று எழுதினேன்.

பிடிக்கு வந்தேன்.
மஞ்சள் ஏறிய வெள்ளை,
ஆலயத்துப் பழைய ஆர்மோனியக் கட்டை நிறம்.
கையில் எடுத்தால் முதலில் குளிர்ச்சி,
கொஞ்ச நேரத்தில் என் சூட்டையே திருப்பித் தருகிறது.

"எலும்புண்ணு போடுங்க," என்றார், மெதுவாக.

பழைய பதிவேடுகளை இறக்கித் தூசி தட்டினேன்.
தொண்ணூற்றாறில் யாரோ முத்துமுத்தான கையெழுத்தில்:
'யானைத் தந்தப் பிடி, இரு பக்கமும்.'
இரண்டாயிரத்து ஒன்றில்: 'தந்தப் பிடி.'
ஆறில்: 'வெள்ளைப் பிடி.'
பதினொன்றில்: 'எலும்பு.'
பதினாறில்: 'பிளாஸ்டிக் மாதிரி.'
இருபத்தொன்றில் வெறும் கோடு.
ஆறு சட்டசபைத் தேர்தலுக்குள்
ஒரு யானை எங்கள் ஸ்டேஷனுக்குள் வந்து
பாரா நிற்பவன் பார்க்க
சத்தமில்லாமல் வெளியே போயிருக்கிறது.

கைரேகை பார்க்கிற லென்ஸை எடுத்தேன்.
எலும்பென்றால் கறுப்புப் புள்ளி தெரியும்,
இரத்தம் ஓடிய துளைகள்.
இதில் இல்லை.
பிடியின் அடிமுனையில், திருகாணிக்குக் கீழே,
கோடும் கோடும் குறுக்கே வெட்டி
மீன்வலை விரித்தாற்போல் ஒரு நெசவு.
அது எந்த உளியும் போட்டதல்ல.
ஈற்றையும் புல்லும் தின்று தின்று
உள்ளிருந்து அதுவே போட்டுக்கொண்டது.
இலைகளை எண்ண முடிந்தது எனக்கு.
இதை முடியவில்லை.

"வனத்துறை சர்டிபிகேட் உண்டுமா?"
குடைப்பிடியைக் கைக்குட்டையால் துடைத்தார்.
"நாம ஒரே சபைக்காரங்க, பிள்ளே."
மேடம் பிள்ளையாகிவிட்டேன் என்பதை
இருவருமே கவனித்தோம்.
தகரக் கூரையில் மழை வலுத்தது.

எழுதினேன்:
யானைத் தந்தம். இரு பக்கமும்.
இடப்பக்கம் மயிரிழை விரிசல்.
கட்டம் போதவில்லை. ஓரத்தில் அம்பு போட்டு
அடுத்த பக்கம் கொண்டுபோனேன்.
கடைசியில்: நகல், ரேஞ்ச் ஆபீசுக்கு.

கண்ணாடி மாட்டி, எழுத்துக்கூட்டுவதுபோல் வாசித்தார்.
சொந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.
வாசல்வரை போய்த் திரும்பி,
"நாய் நல்ல வடிவாட்டு இருக்கு, இல்லியா?" என்றார்.
"முயலும்," என்றேன்.

சீட்டு எண் முப்பத்தொன்று.
நூலை விசை வளையத்தில் கட்டினேன்.
பன்றித் துப்பாக்கிகளுக்கு நடுவே
சாக்குக்குள் போகும்வரை
அந்தப் பிடியில் என் கைச்சூடு இருந்தது.